மழை விட்ட மறுநாள் வரிசையாக ஃபைபர் கோளாறு: பவர் இருக்கு, லைன் எடுக்கல. எங்கே இருந்து பிடிப்பது?

திங்கள்சந்தை_லைன் எழுதியது:

வணக்கம். வீட்டு ஃபைபர் இணைப்பு பார்க்கிற ஃபீல்டு வேலை. பகுதி கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தையில் இருந்து மண்டைக்காடு கடற்கரை வரை. மழையும் காற்றும் அடித்து ஓய்ந்ததும் ஒரே நாளில் கம்ப்ளெயின்ட் குவிந்துவிட்டது. ஒரு கம்பத்தில் சரி செய்து இறங்குவதற்குள் இன்னொன்று போகிறது. இதில் எதை எதோடு சேர்த்துப் பார்க்கணும் என்பதுதான் கேள்வி. கதை வேண்டாம், அளவுகளை மட்டும் போடுகிறேன்.

லைன் அமைப்பு: ஓஎல்டி (நம்ம பக்கத்தில் இருந்து எல்லா வீட்டுக்கும் வெளிச்சம் அனுப்புகிற கருவி) போர்ட்டில் +3.5 டிபிஎம். பவர் என்று போடுவது எல்லாம் இந்த வெளிச்ச அளவுதான், மைனஸ் எண் பெரிதானால் வெளிச்சம் குறைவு. முதலில் 1:4 ஸ்ப்ளிட்டர் (ஒரு ஃபைபரின் வெளிச்சத்தை நாலாகப் பிரிப்பது), அதற்குப் பிறகு கம்பத்துப் பெட்டியில் 1:8. பெட்டி வரைக்கும் கேபிள் நீளம் சுமார் 6 கிலோமீட்டர். அங்கிருந்து வீட்டுக்கு டிராப் வயர்.

வீடு 1: தென்னை மட்டை விழுந்து டிராப் தொங்கிவிட்டது. ஓஎன்டியில் (வீட்டில் இருக்கிற ஃபைபர் மோடம்) சிவப்பு லைட். பெட்டியில் −18.1, வீட்டில் −31. அடிபட்ட இடத்தில் வெட்டி, இரண்டு முனைக்கும் ஃபாஸ்ட் கனெக்டர் (மெஷின் இல்லாமல் கையால் மாட்டுவது) போட்டு, இரண்டையும் இணைக்கிற அடாப்டரில் சேர்த்ததும் −24.5. லைன் வந்தது. சாயங்காலம் மறுபடி சிவப்பு.

வீடு 2: பவர் −19.2, நன்றாக இருக்கிறது. ஆனால் பான் லைட் (ஓஎல்டியோடு இணைந்ததைக் காட்டுவது) மின்னிக்கொண்டே நிற்கிறது, ரிஜிஸ்டர் ஆகவில்லை. புது ஓஎன்டி வைத்தாலும் அதேதான்.

பெட்டி 3: வேறு கம்பம். எட்டு வீடும் மாறி மாறிப் போய் வருகிறது. எட்டு போர்ட்டிலும் −18ஐ ஒட்டி ஒரே மாதிரி பவர்.

வீடு 4: மண்டைக்காடு பக்கம், கடலுக்கு அருகில். வெயிலில் ஓடும், மழை தூறினால் போகும். இது இந்த மழையில் வந்ததல்ல, பழைய நோய்.

இதற்கிடையில் ஃபைபர் முனைகளை உருக்கி ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மெஷின் 'முனை சரியில்லை' என்று திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஒரு வழியாக ஒட்டினாலும், ஒட்டின இடத்தை மூடுகிற ஸ்லீவுக்குள் குமிழி. பேட்டரி மதியத்துக்கே இறங்கிவிடுகிறது. ஓடிடிஆர் (ஃபைபரில் எந்தத் தூரத்தில் கோளாறு என்று காட்டுகிற மீட்டர்) கையில் இல்லை, கேட்டால் தருவார்கள்.

---

கேபிள்_சுருள் பதில்:

வீடு 2, பெட்டி 3 இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். அவை ஒரே ஓஎல்டி போர்ட்டில் வருகிறதா என்று முதலில் கண்ட்ரோல் ரூமில் கேளுங்கள். ஒரே போர்ட் என்றால் கோளாறு ஒன்றுதான், அதுவும் நீங்கள் நிற்கிற வீட்டில் இல்லை.

காரணம் இது. நம்ம பவர் மீட்டர் காட்டுவது ஓஎல்டியில் இருந்து கீழே வருகிற 1490 நானோமீட்டர் வெளிச்சத்தை. வீட்டில் இருந்து மேலே போவது 1310. கீழே வருவது எல்லா வீட்டுக்கும் பொதுவாக வரும். மேலே போகும்போது மட்டும் ஓஎல்டி ஒவ்வொரு ஓஎன்டிக்கும் நேரம் ஒதுக்கும், அந்த நேரத்தில் மட்டும்தான் அது லேசரைப் போடணும். இடி மின்னலில் அடி வாங்கிய ஓஎன்டி, அல்லது லேசர் டிரைவர் கெட்டுப்போன ஓஎன்டி, தன் முறை வராதபோதும் 1310-ஐ விடாமல் அனுப்பும். ரோக் ஓஎன்டி என்கிறது இதைத்தான். அப்படி ஒன்று இருந்தால் அந்த போர்ட்டில் உள்ள 32 வீட்டுக்கும் சிக்கல். மீட்டரில் எல்லாம் அழகாக −18, −19 என்று காட்டும். புது ஓஎன்டி ரிஜிஸ்டர் ஆகாது, ஏனென்றால் அதன் குரலே மேலே போய்ச் சேரவில்லை. ஓஎல்டிக்கு வலுவாக வந்து சேருகிற சில ஓஎன்டிகள் சில நேரம் தாக்குப்பிடிக்கும். அதனால் 'மற்ற பெட்டியில் இருந்து கம்ப்ளெயின்ட் இல்லையே' என்பதை நம்ப வேண்டாம். பகலில் பாதி வீட்டில் ஆள் இருக்காது.

பிடிக்கிற வழி: நல்ல ஓஎன்டிக்குக் கீழே இருந்து 1490 வரவில்லை என்றால் அது வாயே திறக்காது. எனவே பெட்டியில் ஒரு வீட்டின் டிராப்பை ஸ்ப்ளிட்டரில் இருந்து கழற்றுங்கள். கழற்றிய டிராப் முனையைத் துடைத்து மீட்டரில் குத்தி 1310-ல் வையுங்கள். வீட்டில் ஓஎன்டி ஓடிக்கொண்டிருக்கணும். மீட்டர் ஒன்றும் காட்டாவிட்டால் அந்த வீடு சுத்தம். 0-க்கும் +5-க்கும் நடுவில் ஏதாவது நிலையாகக் காட்டினால் ஆள் அகப்பட்டுவிட்டான். ஒரு டிராப்புக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது.

எந்தப் பெட்டி என்றே தெரியாவிட்டால் 1:4-ல் இருந்து தொடங்குங்கள். அதில் இருந்து வெளியே போகிற ஃபைபரை ஒவ்வொரு காலாகக் கழற்றும்போது கண்ட்ரோல் ரூமில் மீதி வீடுகள் நிலையாகிறதா என்று பார்க்கச் சொல்லணும். எந்தக் காலைக் கழற்றினால் மீதி எழுந்து நிற்கிறதோ, அந்தக் காலில் இருக்கிற எட்டு வீட்டுக்குள்தான் அவன். 1:4-ன் கால்கள் கனெக்டர் இல்லாமல் ஸ்ப்ளைஸ் செய்யப்பட்டிருந்தால் இந்த வழி கிடையாது. பெட்டி பெட்டியாக 1310 அளவு எடுத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தள்ளிவிடுங்கள். பெட்டி 3-ல் மீட்டரை ஒரு போர்ட்டில் வைத்துக்கொண்டு ஸ்ப்ளிட்டருக்கு உள்ளே வருகிற ஃபைபரை மெல்லத் தொட்டு அசையுங்கள். அளவு −18-ல் இருந்து −22, −25 என்று ஆடினால் இது ரோக் இல்லை, உள்ளீட்டுக் கனெக்டர் லூஸ் அல்லது ட்ரேயில் ஃபைபர் நெரிந்து கிடக்கிறது. ஆடவில்லை என்றால் மேலே சொன்ன வழி.

இன்னொன்று, மழை நாளில் வண்டியை எடுப்பதற்கு முன் கண்ட்ரோல் ரூமில் அலாரம் கேட்காமல் போகக்கூடாது. ஓஎன்டி கரண்ட் போய் அணைந்தால் சாகும்போது ஒரு டையிங் கேஸ்ப் செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். ஃபைபர் அறுந்தால் அது வராது, வெறும் சிக்னல் இழப்பு அலாரம் மட்டும் இருக்கும். டையிங் கேஸ்ப் வந்த வீட்டில் ஃபைபரைத் தொட வேண்டியதில்லை. கரண்ட் வந்துவிட்டதா, 12 வோல்ட் அடாப்டர் உயிரோடு இருக்கிறதா என்று போனிலேயே கேட்கலாம். கம்ப்ளெயின்ட் லிஸ்ட்டில் கணிசமான பங்கு அங்கேயே கழிந்துவிடும்.

---

வேளிமலை_ஓடிடிஆர் பதில்:

கேபிள்_சுருள் சொன்னதற்கு மேலே ரோக் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் வீடு 1-க்கும் மெஷினுக்கும் வருகிறேன்.

முதலில் கணக்கு. +3.5-ல் தொடங்குகிறீர்கள். 6 கிலோமீட்டருக்கு கிலோமீட்டருக்கு 0.25 என்று 1.5 டிபி இழப்பு. 1:4-க்கு 7.2, 1:8-க்கு 10.5. ஸ்ப்ளைஸ் ஆறு இருந்தால் தாராளமாக 0.6, கனெக்டர் நாலுக்கு 1.2. மொத்தம் 21. பெட்டியில் −17.5 வரணும். உங்களுக்கு −18.1. ஆகவே பெட்டி வரைக்கும் லைன் ஆரோக்கியம், மேலே தேட வேண்டாம்.

பெட்டிக்குப் பிறகு? டிராப் 200 மீட்டர் இருந்தாலும் ஃபைபரால் வருகிற இழப்பு 0.1 கூட இல்லை. நடுவில் இரண்டு ஃபாஸ்ட் கனெக்டரும் ஒரு அடாப்டரும் சேர்ந்து 1.3, வீட்டு முனையில் ஒரு 0.5. −20-ல் நின்றிருக்கணும். நின்றது −24.5. அந்த 4.5 டிபி எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறது, சாயங்காலம் அதுதான் வெளியே வந்தது. லைன் வந்துவிட்டது என்பதற்காக −24.5-ல் ஒப்படைத்தால் திரும்ப அதே வீட்டுப் படி ஏறத்தான் வேண்டும். பி+ வகை ஓஎன்டிக்கு −27 வரைக்கும் கேட்கும் என்பது உண்மை. ஆனால் 3 டிபி கையிருப்பு இல்லாமல் விட்டால் அடுத்த மழைக்கு அது கரைந்துவிடும். −24-க்குக் கீழே எதையும் முடிந்த வேலையாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

ஒளிந்திருக்கிற இடம் மூன்றில் ஒன்று. மட்டை விழுந்த இடத்தில் மட்டும் வெட்டியிருக்கிறீர்கள். ஆனால் மட்டை இழுத்த இழுப்பில் டிராப் இரண்டு பக்க கிளாம்பிலும் நசுங்கியிருக்கும். கம்பத்துக் கிளாம்பையும் வீட்டுச் சுவர்க் கொக்கியையும் கழற்றி உறையைத் தடவிப் பாருங்கள், தட்டையாகத் தெரியும். கறுப்பு உறையில் சிவப்பு லேசர் பேனா வெளியே தெரியாது, அதை நம்பி நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டாவது, ஃபாஸ்ட் கனெக்டருக்குள் ஃபைபர் பின்னால் நழுவியிருப்பது. உள்ளே இருக்கிற குட்டி ஃபைபரை நம்ம ஃபைபர் போய் முட்டணும், நடுவில் ஜெல். டிராப்பில் இருக்கிற கம்பியைத் தனியாகக் கட்டாமல் கனெக்டர் மேலேயே இழுவை விழுந்தால், வெயிலில் நீண்டு சாயங்காலம் சுருங்கும்போது அந்த முட்டு விலகிவிடும். காலையில் ஓடி மாலையில் போவதற்கு இதுதான் முதல் சந்தேகம். மூன்றாவது, வெட்டிய முனை கோணல்.

ஓடிடிஆர் கிடைத்தால் பெட்டியில் டிராப்பைக் கழற்றிவிட்டு வீட்டு முனையில் இருந்து அடியுங்கள். ஓடுகிற லைனில் 1310, 1550 அடிக்கவே கூடாது. நீளம் குறைவு என்பதால் பல்ஸ் 5 அல்லது 10 நானோசெகண்டு போதும், முன்னால் ஒரு லாஞ்ச் கேபிள் (சோதனைக்கென்று வைக்கிற நீளத் துண்டு ஃபைபர்) வையுங்கள், இல்லாவிட்டால் முதல் கனெக்டர் பிளைண்ட் ஸ்பாட்டில் மறைந்துவிடும். ஒரே இடத்தில் 1550-ல் இழப்பு அதிகமாகவும் 1310-ல் குறைவாகவும் இருந்தால் அது மடிப்பு அல்லது நசுக்கல். இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று என்றால் ஜாயிண்ட்டோ அழுக்கோ.

என் கட்சி: கம்பத்திலும் வெளியிலும் ஃபாஸ்ட் கனெக்டர் ஆகாது. நடுவில் அறுந்தால் டிராப்பையே முழுசாக மாற்றுங்கள். முடியாவிட்டால் ஸ்ப்ளைஸ் செய்து சின்ன குளோஷரில் (தண்ணீர் புகாத மூடு பெட்டி) வையுங்கள்.

இனி மெஷின். 'முனை சரியில்லை' என்று சொன்னால் பாதி நேரம் குற்றவாளி மெஷின் இல்லை, கிளீவர் (ஃபைபர் முனையை நேராக வெட்டுகிற கருவி). பிளேடில் பொதுவாக 16 இடங்கள் எண் போட்டு இருக்கும், ஒரு எண் திருப்பிப் பாருங்கள். திரையில் கிளீவ் கோணம் 1 டிகிரிக்கு மேல் அடிக்கடி வந்தால் திருப்புகிற நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கிளீவரின் ரப்பர் பேடில் ஈரம், மணல் இருந்தாலும் கோணல் வரும், பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். வரிசை முக்கியம்: ஸ்லீவை முதலில் நுழை, 250 மைக்ரான் பூச்சை உரி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் தொட்ட துணியில் கீச்சென்று சத்தம் வரும் வரை துடை, பிறகு கிளீவ். கிளீவுக்குப் பிறகு முனையைத் துடைக்கவோ தொடவோ கூடாது. நிறையப் பேர் பாசத்தில் இன்னொரு தடவை துடைப்பார்கள், அங்கேதான் தூசி ஏறும்.

ஸ்லீவுக்குள் குமிழி என்றால் ஆல்கஹால் காயும் முன்பே ஹீட்டரில் போயிருக்கும், அல்லது ஸ்லீவ் நடுவில் உட்காரவில்லை. ஃபைபர் வெட்டின நீளம் 16 மில்லிமீட்டர் என்றால் 60 மில்லிமீட்டர் ஸ்லீவ் இரண்டு பக்கப் பூச்சின் மேலும் தாராளமாக ஏறி உட்காரும். 40 போட்டால் பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர்தான் ஏறும், அதற்கு மேல் தள்ளினால் வெறும் கண்ணாடி வெளியே நிற்கும்.

மழைக்காற்றில் ஈரப்பதம் மாறினால் ஆர்க் (முனையை உருக்குகிற மின்பொறி) அளவும் மாறும். அன்றைய வேலைக்கு முன் இரண்டு நல்ல முனையை வைத்து ஆர்க் கேலிப்ரேஷன் ஒரு தடவை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வேலை செய்பவர்களுக்குக் காற்றே பெரிய எதிரி, காற்றாலை சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள். மூடியை மூடாமல் ஃபைபர் வைக்கும் நேரத்தில் முனை ஆடி வி பள்ளத்தின் ஓரத்தில் இடித்துவிடும். டிராப்பில் 5 மீட்டர் உபரி விட்டிருந்தால் கீழே இறக்கி வராந்தாவில் உட்கார்ந்து ஒட்டலாம். உபரி விடாத லைனில் ஏணியிலேயே நின்று ஒட்ட வேண்டியதுதான்.

பேட்டரியைத் தின்பது ஆர்க் இல்லை, ஹீட்டர். ஸ்லீவுகளைச் சேர்த்து வைத்து பைக்கில் இருந்தோ வீட்டு பிளக்கில் இருந்தோ கரண்ட் எடுத்துச் சுடுங்கள்.

---

முட்டம்_கரை பதில்:

ஃபாஸ்ட் கனெக்டர் மேலே வேளிமலைக்காரருக்கு இவ்வளவு கோபம் எதுக்கு? வீட்டுக்குள்ளே, சுவர்ப் பெட்டிக்குள்ளே அது பல வருஷம் ஓடும். கெட்டுப்போறது கனெக்டரால இல்ல, அது கூட வந்த சின்ன பிளாஸ்டிக் கிளீவரால. கனெக்டருக்கும் நல்ல கிளீவரையே பயன்படுத்திப் பாருங்க, வித்தியாசம் தெரியும். வெளியில ஆகாது என்கிறதை நானும் ஒத்துக்கிறேன்.

வீடு 4 கடற்கரைக் கேஸ். மண்டைக்காடு, குளச்சல், முட்டம் வரிசையில உப்புக் காத்து எதையும் விட்டு வைக்காது, கேட்டியளா. நம்ம மாவட்டத்துக்கு ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல இன்னொரு மழை. ரெண்டு பருவமும் பெய்யுறதால பெட்டி காயறதுக்கு நேரமே கிடைக்காது.

பார்க்க வேண்டிய இடம் சொல்றேன். டிராப்பில கூட ஓடுற ஸ்டீல் கம்பி துருப்பிடிச்சா உப்பிப் பெருக்கும், உறை வெடிக்கும், அந்த வெடிப்பு வழியா தண்ணி உள்ளே ஓடும். தண்ணி ஓடுற திசை வீட்டுப் பக்கம்னா ஓஎன்டிக்குப் பின்னால இருக்கிற கனெக்டர் வரைக்கும் வந்து நிக்கும். மழையில போய் வெயிலில வர்றது இதனாலதான். கனெக்டரைக் கழற்றிப் பேனா கிளீனர் போட்டா ரெண்டு நாள் ஓடும், நோய் போகாது. வீட்டுக்குள்ள நுழையுற துளைக்கு வெளியே டிராப்பை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏத்தணும், துளை வெளிப்பக்கம் சரிவா இருக்கணும். பழைய டிராப்பை வச்சுக்கிட்டு இதைச் செய்து பிரயோஜனம் இல்ல. கடலோரத்துக்கு ஸ்டீலுக்குப் பதிலா எஃப்ஆர்பி (துருப்பிடிக்காத ஃபைபர் பிளாஸ்டிக்) கம்பி போட்ட டிராப் கேட்டு வாங்குங்க, கிளாம்பும் கொக்கியும் ஸ்டெயின்லெஸ். கம்பத்துப் பெட்டியில கேபிள் நுழையுறது எல்லாம் அடிப்பக்கம் மட்டும், பயன்படுத்தாத துளைக்கு அடைப்பான். அடைப்பான் இல்லாத துளையில எறும்பு மண் கட்டி வச்சிருக்கும், அந்த மண்ணு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

வீடு 4-ல இன்னொன்னும் பாருங்க. கனெக்டர் நிறம். பச்சை ஏபிசி (APC), முனை 8 டிகிரி சாய்வு. நீலம் யுபிசி (UPC), சாய்வு கிடையாது. அவசரத்துக்கு யாராவது நீல பேட்ச் கார்டைப் பச்சை அடாப்டரில குத்தியிருந்தா, உள்ளே ரெண்டு முகமும் சேராது, இடைவெளி இருக்கும். பல டிபி போகும், வெளிச்சம் திரும்பியும் அடிக்கும், பச்சை முனையும் கீறும். பாத்தா குத்தி நிக்கும், 'கிளிக்' சத்தமும் வரும். அதனாலதான் பிடிபடாது.

டிராப்பைத் தென்னையில கட்டாதீங்க. காத்துக்கு மரம் ஆடுற ஆட்டத்தில கிளாம்பு உறையை அறுத்துடும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் மரத்துக்கும் இதுதான் கதை. 2017 நவம்பர் 30-ல ஒக்கி புயல் அடிச்சப்ப மரம் எப்படிச் சாய்ஞ்சது என்கிறதை இந்த மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

கடைசியா, தொங்குற டிராப்பைக் கையால பிடிக்கிறதுக்கு முன்னால டெஸ்டர். மட்டை விழுந்தா ஃபைபர் கம்பி ஈபி லைன் மேலே கிடக்கிறதுக்கு நிறைய வாய்ப்பு. ஃபைபர் கண்ணாடிதான், கூட வர்ற ஸ்டீல் கம்பி கரண்டைக் கடத்தும். சந்தேகம்னா ஈபிக்குச் சொல்லி லைனை அணைக்காம தொட வேண்டாம், ஈரக் கம்பத்தில ஏணி சாத்த வேண்டாம். வெட்டின ஃபைபர் துண்டை வீட்டுத் தரையில போடாதீங்க, மூடி போட்ட பாட்டில்ல போடுங்க. பிள்ளைங்க தவழுற இடம்.

---

திங்கள்சந்தை_லைன் பதில்:

நன்றி அண்ணாச்சிமாரே. வீடு 2-ம் பெட்டி 3-ம் ஒரே போர்ட்தான், கண்ட்ரோல் ரூமில் உறுதி செய்தார்கள். பெட்டி 3-ல் உள்ளீட்டை அசைத்தால் அளவு ஆடவில்லை. டிராப்பைக் கழற்றி 1310-ல் பார்த்ததில் ஒரு வீட்டில் இருந்து +1.8 நிலையாக வந்தது, மற்ற ஏழும் மௌனம். அந்த டிராப்பை வெளியே வைத்ததும் மீதி நிலையாகிவிட்டது, வீடு 2-ம் தானாக ரிஜிஸ்டர் ஆனது. வீடு 1-ல் கம்பத்துக் கிளாம்பில் உறை தட்டையாக இருக்கிறது, முழு டிராப்பும் மாற்றப் போகிறேன்.

இரண்டு சந்தேகம். எல்லா டிராப்பும் மௌனமாக இருந்தும் போர்ட் ஆடினால் என்ன செய்வது? அந்த ரோக் வீட்டில் ஓஎன்டியை மட்டும் மாற்றினால் போதுமா?

---

கேபிள்_சுருள் பதில்:

முதல் சந்தேகத்துக்கு: சில ஓஎன்டி லைன் இல்லாதபோது ஒழுங்காக இருக்கும், ரிஜிஸ்டர் ஆன பிறகுதான் தன் நேரத்தைத் தாண்டி அனுப்பும். அதை மீட்டரில் பிடிக்க முடியாது. கண்ட்ரோல் ரூமில் இருந்து ஒவ்வொரு ஓஎன்டியாக முடக்கி மற்றவற்றின் பிழை எண்ணிக்கை நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லணும். நிறைய ஓஎல்டியில் ரோக் கண்டுபிடிக்கிற வசதி உள்ளேயே இருக்கும், பல இடத்தில் அதை ஆன் செய்யாமல் விட்டிருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவதுக்கு: ஓஎன்டியோடு அதன் கரண்ட் அடாப்டரையும் மாற்றுங்கள். பழைய அடாப்டரை மல்டிமீட்டரில் ஓஎன்டி ஓடும்போதே அளந்து பாருங்கள். சும்மா வைத்து அளந்தால் 12 காட்டும், லோடில் 10-க்கு இறங்கினால் அது குப்பை. மின்னல் அடித்த வீடு என்றால் லேன் போர்ட்டில் குத்தியிருக்கிற செட்டாப் பாக்ஸ், கேமரா ரெக்கார்டர் வழியாகவும் அடி வந்திருக்கலாம், அதையும் சோதித்துவிட்டுப் புதுசைக் குத்துங்கள்.

புது ஓஎன்டி வைத்ததும் பழைய சீரியல் எண்ணை ஓஎல்டியில் இருந்து நீக்கச் சொல்லுங்கள். கழற்றியதன் மேலே 'ரோக், 1310 விடாமல் வருது' என்று மார்க்கரில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். சும்மா 'பழுது' என்று கொடுத்தால் ஸ்டோரில் யாராவது போட்டுப் பார்ப்பார்கள், லைட் எரியும், நல்லதுதானே என்று அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.